அடித்தது யார், அடிபட்டது யார், போலீஸ் எங்கே நின்றது

கீழக்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவர், முதுகலை வரலாறு படிப்பவர், உலகில் நடந்த இனக்கலவரங்களைத் தொகுத்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார். "சிகாகோ, டல்சா, கோலாலம்பூர், கொழும்பு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடலாமா? எதை வைத்து வகை பிரிப்பது? நம்ம முதுகுளத்தூர் 1957 கலவரம் இதில் சேருமா?" என்று கேட்டிருக்கிறார்.

போடலாம் தம்பி. ஆனால் ஊர், தேதி, செத்தவர் எண்ணிக்கை என்று மூன்று கட்டத்தோடு நிறுத்தினால் அந்தப் பட்டியல் உங்களையே ஏமாற்றிவிடும். அடித்தது யார், அடிபட்டது யார், முதல் நாள் போலீஸ் என்ன செய்தது என்று இன்னும் மூன்று கட்டம் வேண்டும். கடைசிக் கட்டம்தான் வகையைத் தீர்மானிக்கும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

சட்டத்தை முதலிலேயே தாண்டிவிடுவோம், அங்கே நமக்கு அதிகம் கிடைக்காது. இந்தியச் சட்டத்தில் ஐந்து பேருக்குக் குறையாமல் சட்டவிரோதமாகக் கூடி, அந்தக் கூட்டத்தின் நோக்கத்துக்காக வன்முறையில் இறங்கினால் அது கலகம். இங்கிலாந்தின் 1986 பொது ஒழுங்குச் சட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்துக்கு மூன்று பேரே போதும். எல்லாம் தலை எண்ணுகிற கணக்கு. இனம் அந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

ஆய்வாளர்களில் அமெரிக்கரான டொனால்ட் ஹொரோவிட்ஸ் சொல்லும் வரையறைதான் வேலைக்கு ஆகும். சுருக்கமாகச் சொன்னால், ஓர் இனத்தின் பொதுமக்கள் இன்னோர் இனத்தின் பொதுமக்களைத் திடீரென்று, உயிர்போகும் அளவுக்குத் தாக்குவது. தாக்கப்படுகிறவர்களை அந்த இனத்தார் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுக்கி எடுப்பது. திடீர் என்பதால் முன்னேற்பாடே இருக்கக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதை நான் வகுப்பில் ஒரு கேள்வியாக மாற்றிக் கேட்பதுண்டு. அடிபட்டவர் நின்ற இடத்தில் அவர் இனத்தைச் சேர்ந்த வேறு யார் நின்றிருந்தாலும் அடி விழுந்திருக்குமா? விழுந்திருக்கும் என்றால் இனக்கலவரம். இல்லையென்றால் வேறு பெயர் தேட வேண்டும்.

சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் நடந்ததை இந்தக் கேள்விக்குள் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் சிக்கி இறந்தார். கூட்டம் பஸ்ஸை உடைத்தது, போலீஸ் வண்டிகளைக் கவிழ்த்தது, ஆம்புலன்ஸுக்குத் தீ வைத்தது. கலவரத்தில் இறங்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் தெற்காசியத் தொழிலாளர்கள். ஒரே இனத்தார் கூடியதால் இனக்கலவரம் ஆகுமா? ஆகாது. வழியில் போன சீனரையோ மலாய்க்காரரையோ தேடிப்பிடித்து யாரும் அடிக்கவில்லை. விசாரணைக் குழுவும் விபத்தையும் மீட்புப் பணியையும் தவறாகப் புரிந்துகொண்டது, கூட்டத்தின் மனநிலை, குடி என்றுதான் காரணம் சொன்னது. சம்பளம், தங்குமிடம் பற்றிய குறைகளுக்குப் பங்கே இல்லை என்று குழு சொன்னதை நான் முழுதாக ஏற்கவில்லை. அது வேறு கதை. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

நம் கரைக்காரர்களுக்கு இதெல்லாம் பாடப்புத்தக விஷயம் இல்லை. தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை என்று எந்த ஊரை எடுத்தாலும் கண்டிச்சீமைக்கும் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் சபர் (பயணம்) போகாத தெரு கிடையாது. போன இடத்தில் நடந்த கலவரங்களை மட்டும் வரிசையாக வைத்தாலே உங்கள் அட்டவணையில் முக்கால்வாசி வகை வந்துவிடும்.

1915இல் இலங்கையில் நடந்ததை எடுங்கள். கம்பளையில் ஒரு பௌத்த தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளிவாசல் நம் கரையிலிருந்து போன முஸ்லிம்களுடையது. இந்தியச் சோனகர் என்று அங்கே சொல்வார்கள். 1915 பிப்ரவரியில் தீர்ப்பு ஊர்வலத்தாருக்கு எதிராகப் போனது. மே 28 இரவு, வெசாக் என்ற பௌத்தப் பண்டிகைச் சமயத்தில், கண்டியில் ஒரு பள்ளிவாசல் முன்னால் தகராறு தொடங்கிச் சில நாட்களில் தென்மேற்கு முழுவதும் பரவியது. அரசுக் கணக்குப்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 17 பள்ளிவாசல்கள் எரிந்தன, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன.

இதை எந்த வகையில் போடுவீர்கள்? தொடக்கம் மதம். ஆனால் தமிழ் பேசும், கடல் தாண்டி வந்த, கடன் கொடுத்து வாங்கும் கடைக்காரர் என்ற கோபமும் சேர்ந்தது. உலகப்போர்க் காலம், சாமான் விலை ஏறியிருந்தது. ஏற்றியது கடைக்காரன்தான் என்று ஊர் நம்பியது. கடையை உடைக்கும்போது கடன் பேரேடும் எரிந்துபோகும் என்பது கூட்டத்துக்குத் தெரியாதா? முதலில் கரைக்காரர் கடைகள்தான் குறி. அப்புறம் அங்கேயே பல தலைமுறையாக இருந்த சோனகர்களும் தப்பவில்லை. மதம், மொழி, பிழைப்பு, வெளியூரான் என்ற அடையாளம் எல்லாம் ஒரே ஆள் மேல் வந்து விழும்போது, அதைப் பிரித்து 'மதக்கலவரம்' என்று ஒரு கட்டத்தில் அடைப்பது அவ்வளவு சரியாக வராது. இனம் என்பதை ரத்தம், நிறம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாமல், ஒருவர் பிறந்ததிலிருந்து சுமக்கும் எந்தக் கூட்ட அடையாளமும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் தீரும்.

வெள்ளைக்கார அரசு இதை எப்படி வகைப்படுத்தியது என்பதுதான் இன்னும் விசித்திரம். ஜெர்மனியோடு போர் நடக்கும் நேரத்தில் இது ராஜத்துரோகச் சதியாக இருக்குமோ என்று பயந்து ஜூன் 2ஆம் தேதி ராணுவச் சட்டம் போட்டார்கள். பௌத்த, மதுவிலக்கு இயக்கத் தலைவர்களைச் சிறையில் தள்ளினார்கள். ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி ஜூலை 7 அன்று சுட்டுக் கொன்றார்கள். அரசுப் படையின் கையால் இறந்த சிங்களவர் எண்ணிக்கை, கலவரத்தில் இறந்த முஸ்லிம்கள் எண்ணிக்கையைவிட அதிகம். சிங்களத் தலைவர்களுக்காகத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் லண்டன் வரை போய் வாதாடினார். கடை எரிந்தவர்களுக்காக அப்படிப் பேச ஆள் இல்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடம் நெடுநாள் இருந்தது. ஒரே சம்பவத்துக்கு அரசு வைத்த பெயர் சதி, சிங்களவர் நினைவில் இருப்பது அடக்குமுறை, முஸ்லிம்கள் நினைவில் இருப்பது கலவரம். உங்கள் அட்டவணையில் 'யார் வைத்த பெயர்' என்று ஒரு குறிப்பும் இருக்கட்டும்.

1930 மே மாத ரங்கூன் இதிலிருந்து மாறுபட்டது. துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கம்பெனிகள் பர்மியரை அந்த இடத்தில் எடுத்தன. சமரசம் ஆனதும் பர்மியரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டன. துறைமுகக் கைகலப்பு ஊர் முழுக்க இந்தியர் வேட்டையாக மாறியது. வேலைப் போட்டி வகை என்று தாராளமாக எழுதலாம்.

இப்போது யார் எந்தப் பக்கம் என்பதற்கு வருவோம். அமெரிக்காவில் 1919 முதல் 1960கள் வரை நடந்தவற்றை எல்லோரும் ஒரே சொல்லால் சொன்னாலும் மூன்று தனி வகைகள் அதற்குள் இருக்கின்றன.

1919 ஜூலை 27, சிகாகோ, மிச்சிகன் ஏரிக்கரை. வெள்ளையர் குளிக்கும் இடம், கறுப்பர் குளிக்கும் இடம் என்று தண்ணீரில் எழுதப்படாத ஒரு கோடு. கட்டையில் மிதந்து வந்த பதினேழு வயதுக் கறுப்பினப் பையன் யூஜீன் வில்லியம்ஸ் கோட்டைத் தாண்டிவிட்டான். கரையிலிருந்து கல்லெறிந்ததில் மூழ்கிச் செத்தான். (தண்ணீரில் கோடு கிழித்தால் என்ன ஆகும் என்று ராமேசுவரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) எறிந்தவனைக் கைது செய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்தார். ஒரு வாரம் நடந்த சண்டையில் 38 பேர் இறந்தார்கள்: 23 கறுப்பர், 15 வெள்ளையர். தொடங்கியது வெள்ளையர் கூட்டம்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஆயுதம் எடுத்தன. இரு தரப்பு மோதல் என்றால் இதுதான்.

1921, டல்சா. கறுப்பர்களின் செழிப்பான கிரீன்வுட் பகுதியில் முப்பத்தைந்து தெருக்கட்டங்கள் ஒரே இரவிலும் மறுநாள் காலையிலுமாக எரிந்து சாம்பலாயின. அதிகாரபூர்வக் கணக்கு 36 சாவு, பின்னாளைய மதிப்பீடு 300 வரை. நகர அதிகாரிகளே வெள்ளையர்களைத் துணைக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்தார்கள். கிரீன்வுட்காரர்கள் கொஞ்சம் திருப்பிச் சுட்டார்கள் என்பது உண்மை. அதை வைத்து இதையும் மோதல் என்று எழுதினால் சிகாகோவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். இது ஒருதரப்பு வேட்டை.

1965 வாட்ஸ், 1967 நியூவார்க், டெட்ராய்ட் மூன்றாவது வகை. கறுப்பர்கள் தங்கள் பகுதியிலேயே போலீஸுக்கு எதிராகக் கிளம்பியது. கடை உடைந்தது, சொத்து எரிந்தது, வெள்ளைப் பொதுமக்களைத் தேடிப்போய்க் கொன்றது அநேகமாக இல்லை. செத்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ், படையினர் கையால் செத்த கறுப்பர்கள். மோரிஸ் ஜனோவிட்ஸ் என்ற சமூகவியலாளர் சிகாகோ போன்றதை இரு சமூகங்கள் நேருக்கு நேர் மோதும் கலவரம் என்றும் வாட்ஸ் போன்றதைப் பொருள்கள் மேல் பாயும் கலவரம் என்றும் பிரித்தார். நல்ல பிரிவினை. ஆனால் 1992 லாஸ் ஏஞ்சலிஸ் அதை உடைத்துவிட்டது. போலீஸ்காரர்களை விடுவித்த தீர்ப்புக்கு எதிராகத் தொடங்கியது, கொரியர்களின் கடைகளைத் தேடிப்பிடித்து எரிப்பதில் போய் நின்றது. இரண்டு வகையிலும் அதைப் பதிவு செய்யுங்கள், தப்பில்லை.

எண்ணிக்கையில் ஏமாறாமல் இருக்கத் தென்னாப்பிரிக்காவின் டர்பன், 1949 ஜனவரி. இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்ததில் தொடங்கி, ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கினார்கள். இறந்தவர்கள் 142 பேர். அதில் இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தியர்கள்தான் தாக்கினார்கள் என்று தோன்றும். ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோர் போலீஸும் ராணுவமும் சுட்டதில் இறந்தவர்கள். அதனால்தான் 'இறந்தவர்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'யார் கையால்' என்று இன்னொன்று வேண்டும் என்கிறேன்.

1983இல் இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்கு வருகிறேன். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். 24ஆம் தேதி கொழும்பில் தொடங்கிய தீ ஒரு வாரம் எரிந்தது. அரசு சொன்ன சாவுக் கணக்கு சில நூறு. மற்றவர்கள் மதிப்பீடு மூவாயிரம் வரை போகிறது. ஆத்திரமடைந்த கூட்டம் என்றுதான் அன்றைய அரசு பேசியது.

மண்டபத்தில் நான் வாத்தியாராக இருந்த காலத்தில், அகதிகள் கேம்ப்பில் ஒரு அம்மா தன் கதையைச் சொன்னார். வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தவர். வந்தவர்கள் கையில் ஒரு தாள் இருந்ததாம். பெயர் கேட்கவில்லை, கதவு இலக்கத்தை மட்டும் பார்த்தார்கள். வீடு சிங்களவருக்குச் சொந்தம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. கட்டில், அலுமாரி, பிள்ளைகளின் கொப்பிகள் எல்லாவற்றையும் இழுத்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சுவரில் கரிகூடப் படவில்லையாம். "தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டு ரெண்டு நாள்தான் மாஸ்டர். அது மட்டும் எரியேல்லை, கறுத்துப்போய் ரோட்டில நிண்டது" என்றார்.

சாமானை வெளியே இழுத்துப்போட்டுச் சுவரைக் காப்பாற்றுவதற்குத் தகவல் வேண்டும். அந்தத் தாள் வாக்காளர் பட்டியல் என்று பலரும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பட்டியல் அரசு அலுவலகத்தில் இருப்பது. ஊரடங்கு 25ஆம் தேதி மதியத்துக்கு மேல்தான் வந்தது. அதே நாளிலும் 27ஆம் தேதியிலும் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டும் சாவியும் அரசிடம் இருக்கும் இடத்தில் நடந்ததைக் 'கட்டுக்கடங்காத கூட்டம்' என்று எப்படிச் சொல்வது? பால் பிராஸ் என்ற அறிஞர் இந்தியக் கலவரங்களை வைத்து, கலவரம் தானாக வெடிப்பதில்லை, அதை ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் ஆட்களும் அரசியல் லாபக் கணக்கும் உண்டு என்றார். 83க்கும் அது அளவெடுத்தாற்போல் பொருந்தும்.

அந்தக் கலவரத்தில் தாள் இல்லாத இடத்தில் நாக்கைச் சோதித்தார்கள். வாளிக்குச் சிங்களத்தில் சொல்லும் 'பால்திய' என்ற சொல்லைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பில் தமிழரைக் கண்டுபிடித்தார்கள். டொமினிகன் குடியரசில் 1937இல் ஹெய்ட்டிக்காரர்களைப் பிரித்தெடுத்ததும் இதே வழியில்தான். அங்கே ஒரு கீரையின் ஸ்பானியப் பெயர். ஆனால் அங்கே கொன்றது பெரும்பாலும் சர்வாதிகாரி ட்ருஹியோவின் சிப்பாய்கள். பொதுமக்கள் கை பெரிதாக இல்லாததால் அது உங்கள் பட்டியலுக்கே வராது, அது அரசுப் படுகொலை. 83, கூட்டத்தின் கலவரத்துக்கும் அரசுப் படுகொலைக்கும் நடுவில் நிற்கிறது: கை கூட்டத்துடையது, வழி விட்டது அரசு. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் உடைத்ததையும் இங்கே பக்கத்தில் வைக்கலாம். மக்களின் கோபம் என்று நாஜிகள் சொன்னார்கள், உத்தரவு போனது கட்சியிலிருந்து.

அதனால் என் வரிசை இப்படி இருக்கும்: போலீஸ் இரு பக்கத்தையும் விலக்கிவிட முயன்றது, கையைக் கட்டிக்கொண்டு நின்றது, ஒரு பக்கம் சேர்ந்தது, அதுவே தாக்கப்பட்டது. நான்கே நான்குதான். சிங்கப்பூரில் 1964 ஜூலை 21, நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் மூண்ட கலவரம் முதல் கட்டத்துக்குப் போகும். ஜூலையில் 23, செப்டம்பரில் 13 என்று 36 பேர் இறந்தார்கள். ஊரடங்கு அன்றிரவே வந்துவிட்டது. கோலாலம்பூர் 1969 மே 13 எங்கே போகும் என்று கேட்டால் சண்டை வரும். அரசுக் கணக்கில் 196 சாவு, அதில் சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, மற்றவர் 15. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள். படையினர் நடுநிலையாக நடந்துகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு இன்றுவரை இருக்கிறது. நான் மூன்றாவதில்தான் வைப்பேன்.

உடனடிக் காரணங்களுக்கு அதிக இடம் கொடுக்காதீர்கள். ஊர்வலம், தேர்தல், வதந்தி என்று எல்லா நாட்டிலும் ஒரே மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். 2005 டிசம்பரில் சிட்னியின் குரொனுல்லா கடற்கரைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் திரட்டியது எஸ்எம்எஸ். 2024இல் இங்கிலாந்தில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதும், கொன்றவன் புகலிடம் தேடி வந்தவன் என்ற பொய்யைப் பரப்பியது சமூக ஊடகம். வாகனம் மாறுகிறது, சரக்கு ஒன்றுதான்.

இவ்வளவு தூரம் பெயருக்கு மல்லுக்கட்ட வேண்டுமா என்றால், வேண்டும். டல்சாவில் வீடு இழந்தவர்கள் இன்ஷூரன்ஸ் கேட்டபோது, கலவரச் சேதத்துக்குப் பணம் தருவதில்லை என்ற விதியைக் காட்டிக் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. 'கலவரம்' என்ற ஒரு சொல் கிரீன்வுட்டை இரண்டாம் முறை அழித்தது. இங்கிலாந்தில் நேர்மாறு, கலவரம் என்று ஏற்றுக்கொண்டால்தான் சேதத்துக்கு ஈடு கேட்க முடியும். நம் கரைக்கு அகதியாக வந்தவர்களில் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களைக் கேளுங்கள். அங்கே அகதி விசாரணையில் "கலவரத்தில் வீடு போச்சு" என்றால் அது பொதுவான குழப்பம். "தமிழர் வீடு என்று தெரிந்து வந்து எரித்தார்கள்" என்றால்தான் 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லும் இனக் காரணம். இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் மண்டபத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை.

கடைசியாக முதுகுளத்தூர். 1957 ஜூலை இடைத்தேர்தலுக்குப் பிறகு மறவர்களுக்கும் தேவேந்திரகுல வேளாளர்களுக்கும் மூண்டது. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் தேவேந்திரர்களின் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார், அப்புறம் கிராமம் கிராமமாகப் பரவியது. சாதி இனமா என்ற கேள்விக்கு உலக அளவிலேயே சண்டை நடக்கிறது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் 1965 ஐ.நா. உடன்படிக்கை இனம், நிறம் ஆகியவற்றோடு 'பிறப்புவழி' என்பதையும் சொல்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் குழு 2002இல் விளக்கம் கொடுத்தது. இந்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை; 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டிலும் அதே நிலைதான்.

என்னைக் கேட்டால், முன்னால் சொன்ன கேள்வியில் முதுகுளத்தூர் தேறிவிடுகிறது. யார் என்று பார்க்காமல் எந்தத் தெரு என்று பார்த்து அடித்தார்கள். அதனால் அட்டவணையில் சேருங்கள், ஆனால் 'சாதி' என்று தனியாகக் குறித்துவிட்டுச் சேருங்கள். இனம் என்று எழுதினால் இரு பக்கத்தாரும் உங்களை விடமாட்டார்கள், அது ஒன்று. ஒரே மொழி, ஒரே குலதெய்வக் காடு, ஒரே கண்மாய்த் தண்ணீர் என்று வாழ்ந்தவர்களுக்குள் நடந்ததை நிறக் கலவரங்களோடு கலந்தால் நிலமும் தீண்டாமையும் உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அது இன்னொன்று. 'யார் கையால்' கட்டத்தை இங்கேயும் காலியாக விடாதீர்கள்: செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் இறந்த ஐந்து பேரும் போலீஸ் துப்பாக்கியில் இறந்தவர்கள்.